வாரம் ஒரு பென்னி: கடல் கடந்த கிறித்தவ அருட்பணிக்குப் பணம் வந்த வழி

கடல் கடந்த நாடுகளில் ஏழைகளிடையே கல்வி, மருத்துவம், பஞ்ச நிவாரணம், சமயப் போதனை ஆகியவற்றை நடத்துவதற்காகக் கிறித்தவ சபைகள் தம் உறுப்பினரிடம் பணம் திரட்டி அனுப்பும் ஏற்பாடு 18-ஆம் நூற்றாண்டில் உருவாகி, 19-ஆம் நூற்றாண்டில் பெரிதாக வளர்ந்தது. மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறுகள் தமிழில் நிறைய உண்டு. அவர்களுக்குப் பணம் அனுப்பியவர்கள் யார், எப்படிச் சேர்த்தார்கள், அனுப்பியதால் என்ன உரிமை கொண்டாடினார்கள் என்பது அந்த அளவு எழுதப்படவில்லை. அந்த வரலாற்றின் முக்கியமான பகுதிகள் தரங்கம்பாடியிலும் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் வேலூரிலும் நடந்தவை.

அரசரின் மானியம்

சீர்திருத்த சபைகளின் முதல் இந்திய மிஷன் அரசர் ஒருவரின் செலவில் தொடங்கியது. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தனர். இருவரும் ஜெர்மானியர். மன்னரின் மானியத்தோடு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே திரட்டிய நன்கொடையும், இலண்டனில் இயங்கிய கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரமும் சேர்ந்துகொண்டன. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

பிராங்கே வெறுமனே பணம் கேட்கவில்லை. தரங்கம்பாடியிலிருந்து வந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் 1710 முதல் தொடர்ச்சியாக அச்சிட்டு வெளியிட்டார். அவற்றைப் படித்தவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். பிற்கால மிஷன் பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் இதுவே முன்மாதிரி. 18-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தின் ஊர், சாதி, உணவு, கோயில், மருத்துவம் பற்றிய அரிய செய்திகள் அந்த ஹாலே அறிக்கைகளில் கிடைக்கின்றன. நன்கொடையாளரின் ஆர்வத்தைத் தூண்ட வெளியிடப்பட்ட எழுத்து இன்று வரலாற்று ஆதாரமாகிவிட்டது.

பணம் அனுப்பியவருக்கும் களத்தில் இருந்தவருக்கும் இடையிலான முதல் பெரிய மோதலும் தரங்கம்பாடியில்தான் ஏற்பட்டது. மிஷனைக் கண்காணிக்க 1714-இல் கோபன்ஹேகனில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் செயலர் கிறிஸ்டியன் வெண்ட். மிஷனெரிகள் அப்போஸ்தலரைப் போல எளிமையாக ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டும், பள்ளிக்கும் கட்டடத்துக்கும் ஏழைகளின் உணவுக்கும் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அவர் கருத்து. சீகன்பால்க் இதை ஏற்கவில்லை. சபையில் சேர்ந்த பலர் பிழைப்பை இழந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு உணவும் உடையும் எழுத்தும் கொடுக்காமல் ஆன்மாவுக்கு மட்டும் தொண்டு செய்வது எப்படி என்று கேட்டார். உடலுக்குச் செய்யும் பணியும் ஆன்மாவுக்குச் செய்யும் பணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அவர் வாதம். கோபன்ஹேகனிலிருந்து கடுமையான கடிதங்கள் தொடர்ந்து வந்தன. உடல்நலமும் மனமும் குன்றிய நிலையில் 1719-இல், 36 வயதில், அவர் இறந்தார். ஏழைகளிடையே பணி என்றால் என்ன என்பதைக் களத்தில் நிற்பவர் முடிவு செய்வதா, பணம் அனுப்புபவர் முடிவு செய்வதா என்ற கேள்வி அவரோடு முடியவில்லை.

கெட்டரிங்கில் ஒரு மூக்குப்பொடி டப்பா

அரசரும் பிரபுக்களும் இல்லாமல் சாதாரண மக்களின் காசை மட்டும் நம்பி மிஷன் நடத்தலாம் என்று காட்டியவர்கள் இங்கிலாந்தின் பாப்திஸ்துகள். அவர்கள் அரசு சபையைச் சேராதவர்கள். பெரும்பாலும் கைத்தொழில் செய்பவர்கள், சிறு வணிகர்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கேரி செருப்புத் தைக்கும் தொழிலாளியாக இருந்து, ஆசிரியராகி, பின் போதகரானவர். 1792-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஒன்றின் கடைசிப் பகுதி முழுக்க நடைமுறைக் கணக்கு. செல்வந்தர் வருமானத்தில் ஒரு பங்கு கொடுக்கட்டும், மற்றவர்கள் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் போதும் என்றார்.

அதே இடத்தில் இன்னொரு யோசனையும் வருகிறது. மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரை அடிமைகளின் உழைப்பில் விளைவது என்பதால் அக்காலத்தில் பல ஆங்கிலேயக் குடும்பங்கள் அதைப் பயன்படுத்துவதை விட்டிருந்தன. அதனால் வீட்டுக்கு வாரம் ஆறு பென்னியோ ஒரு ஷில்லிங்கோ மிச்சமாகிறதே, அதை மிஷனுக்குக் கொடுக்கலாம் என்று கேரி எழுதினார். இதற்கு நேர் எதிரான ஒரு நிலையும் அதே காலத்தில் இருந்தது. 1701-இல் தொடங்கப்பட்டு, பின்னர் திருநெல்வேலிச் சீமையில் நாசரேத், இடையன்குடி போன்ற ஊர்களில் பணிசெய்த நற்செய்திப் பரப்புச் சங்கம், பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்பவர் உயிலில் எழுதிவைத்த கரும்புத் தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்தது. அங்கு வேலை செய்தவர்கள் அடிமைகள். 1830-களில் அடிமை முறை ஒழிந்தபோது 411 பேருக்கு ஈடாக 8,823 பவுண்டு இழப்பீடு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு அதில் எதுவும் இல்லை. இதற்காக இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை 2006-இல் மன்னிப்புக் கேட்டது. மிஷன் பணத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு சர்க்கரைக் கணக்குகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

1792 அக்டோபர் 2 அன்று கெட்டரிங் என்னும் சிற்றூரில், ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் சிலர் கூடினர். ஆளுக்கு எவ்வளவு தருவோம் என்று தாளில் எழுதி, போதகர் ஆண்ட்ரூ புல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் போட்டனர். மொத்தம் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்னி. அக்காலத்தில் ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக அந்தத் தொகை 3,150 பென்னி. வாரம் ஒரு பென்னி வீதம் ஓராண்டில் அதைத் திரட்ட சுமார் 60 பேர் போதும். அன்று உருவானதுதான் பாப்திஸ்து மிஷன் சங்கம். அதன் முதல் மிஷனெரியாகக் கேரி 1793-இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார்.

புல்லர் இந்த ஏற்பாட்டை ஆழமான சுரங்கத்தில் இறங்குவதற்கு ஒப்பிட்டார். கேரி இறங்குகிறார், ஊரில் இருப்பவர்கள் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சங்கத்தின் செயலராக 1815-இல் இறக்கும் வரை அவர் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சுற்றி நன்கொடை திரட்டினார். 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீப்பற்றி, பல இந்திய மொழிகளின் அச்செழுத்துகளும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. இழப்பு சுமார் 10,000 பவுண்டு. செய்தி இங்கிலாந்தை அடைந்த சில மாதங்களிலேயே அந்தத் தொகையைச் சபைகள் ஈடுகட்டிவிட்டன.

சிறு காசு பெருகிய விதம்

கெட்டரிங் முறை விரைவில் பிற சபைகளுக்கும் பரவியது. இலண்டன் மிஷன் சங்கம் 1795-இலும், சர்ச் மிஷன் சங்கம் 1799-இலும் தோன்றின. ஊர்தோறும் துணைச் சங்கங்கள் அமைந்தன. அவற்றின் சார்பில், பெரும்பாலும் பெண்கள், வீடு வீடாகச் சென்று வாரக் காசு வாங்கிக் கணக்கு எழுதினர். வீட்டு அலமாரியில் மிஷன் உண்டியல் வைப்பது வழக்கமானது.

கத்தோலிக்கரிடம் இதே எண்ணம் பிரான்ஸின் லியோன் நகரில் தோன்றியது. பட்டுத் தொழிலுக்குப் பெயர்போன அந்த ஊரில் போலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண், ஆலைத் தொழிலாளப் பெண்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகச் சேர்த்தார். ஒவ்வொருவரும் வாரம் ஒரு சூ என்ற செப்புக் காசு தர வேண்டும். பத்துக் குழுக்களுக்கு ஒரு தலைவி, அத்தகைய பத்துப் பிரிவுகளுக்கு மேல் ஒரு தலைவி என்று காசு மேலே போய்ச் சேரும். இதன் அடிப்படையில் 1822-இல் விசுவாசப் பரப்புச் சங்கம் நிறுவப்பட்டது. நூறாண்டு கழித்து அதன் தலைமையகம் ரோமுக்கு மாற்றப்பட்டது. ஆண்டுதோறும் அக்டோபரில் கத்தோலிக்க ஆலயங்களில் மறைபரப்பு ஞாயிறன்று எடுக்கப்படும் காணிக்கை இச்சங்கத்துக்குச் செல்கிறது.

குழந்தைகளும் விடுபடவில்லை. பசிபிக் தீவுகளில் பணிசெய்த ஜான் வில்லியம்ஸ் 1839-இல் எரோமாங்கா தீவில் கொல்லப்பட்டார். அவர் பெயரில் ஒரு கப்பல் வாங்க ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் இலண்டன் மிஷன் சங்கம் வேண்டுகோள் விடுத்தது. பிள்ளைகள் 6,000 பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள்; 1844-இல் கப்பல் புறப்பட்டது. அது 1864-இல் பவளப்பாறையில் மோதி உடைந்தபோது மறுபடியும் பிள்ளைகளே பணம் சேர்த்தனர். அதே பெயரில் கப்பல்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் ஓடின.

சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் வாரக் காசோடு வணிகத்தையும் சேர்த்துக்கொண்டது. சபையில் சேர்ந்ததால் தொழிலை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க மங்களூர், கோழிக்கோடு முதலிய ஊர்களில் நெசவாலைகளும் ஓட்டுத் தொழிற்சாலைகளும் நிறுவியது. மங்களூரில் 1865-இல் தொடங்கிய அந்த ஓட்டுத் தொழில்தான் தமிழக வீடுகளின் கூரைகளில் இன்றும் காணும் மங்களூர் ஓட்டுக்குத் தொடக்கம்.

கொடுத்தவர் பெயர்

பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் வரைபடத்திலும் மனிதர்கள் மீதும் பதிந்தன. நெல்லை மாவட்டத்தின் டோனாவூர், அங்கு ஆலயம் கட்டப் பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரைத் தாங்கியது. சாயர்புரம், புதிய கிறித்தவர்கள் குடியேற நிலம் வாங்கிக் கொடுத்த சாயர் என்பவரின் பெயரால் அமைந்தது.

யாழ்ப்பாணத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1816-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன், விடுதிப் பள்ளிகள் நடத்தியது. அமெரிக்காவில் ஒரு குடும்பமோ சபையோ ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை ஏற்றுக்கொண்டால், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். தம் போதகரின் பெயரையோ இறந்துபோன உறவினரின் பெயரையோ பலர் தேர்ந்தனர். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று ஈழத்துத் தமிழறிஞர் வரிசையில் காணும் பெயர்களின் முன்பாதி இந்த வழக்கத்தை நினைவூட்டுகிறது. பெற்றோர் இட்ட பெயருக்கு முன்னால் முகம் தெரியாத ஒருவரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதை அப்பிள்ளைகள் எப்படி உணர்ந்தார்கள் என்று எந்த அறிக்கையும் கேட்டதில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் தமிழில் கணிதமும் தருக்கமும் அகராதியும் எழுதினார்கள் என்பதும், உடுவிலில் 1824-இல் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கியது என்பதும் அதே காசால் நடந்தவை.

கயிற்றின் இரு முனைகள்

புல்லர் இறந்த பிறகு அவர் சொன்ன கயிறு இறுகியது. செராம்பூரில் கேரியும் மார்ஷ்மனும் வார்டும் பெரும்பாலும் தங்கள் சொந்த வருவாயிலேயே மிஷனை நடத்தி வந்தனர். கேரி கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பேராசிரியர். மார்ஷ்மன் தம்பதியர் பள்ளி நடத்தினர். வார்டு அச்சகத்தைப் பார்த்தார். மூவரும் தமக்குச் சிறிதளவே வைத்துக்கொண்டு மீதியைப் பொது நிதியில் சேர்த்தனர். இலண்டனில் அமைந்த புதிய குழுவினருக்கு இவர்களோடு நேர்ப் பழக்கம் இல்லை. செராம்பூர்ச் சொத்துகள் சங்கத்தின் கட்டுப்பாட்டில் வரவேண்டும் என்றனர். நாங்கள் உழைத்துச் சம்பாதித்ததற்கு நீங்கள் எப்படி உரிமையாளர் ஆவீர்கள் என்பது செராம்பூரின் பதில். பல ஆண்டுகள் கடிதத்திலும் துண்டு நூல்களிலும் சண்டை நடந்து, 1827-இல் இரண்டும் பிரிந்தன. மீண்டும் இணைந்தது 1837-இல். அதற்கு மூன்றாண்டுக்கு முன்பே கேரி இறந்துவிட்டார்.

திருநெல்வேலியில் இரேனியஸ் ஐயருக்கும் இதுவே நேர்ந்தது. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணிசெய்த அவர் ஊர்தோறும் சபைகளும் பள்ளிகளும் அமைத்தவர். கிறித்தவர்களுக்கு நிலமும் குடியிருப்பும் வாங்க 1830-இல் தரும சங்கம் தொடங்கியவர். அவர் லுத்தரன், அவரை அனுப்பியதோ ஆங்கிலிக்கன் சங்கம். உபதேசியார்களைக் குருக்களாக அபிஷேகம் செய்வது பற்றியும், இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகள் பற்றியும் அவர் வெளிப்படையாக எழுதியபோது சங்கம் 1835-இல் அவரை நீக்கியது. அவர் ஆற்காட்டுப் பக்கம் போனார். சபையாரில் ஒரு பகுதியினர் வற்புறுத்தி அழைக்கத் திரும்பி வந்தார். திருநெல்வேலிச் சபை இரண்டாகப் பிளந்தது. 1838-இல் அவர் இறந்த பின்னரே பிளவு ஆறியது. சங்கத்தின் நிலைப்பாட்டுக்குச் சட்டப்படியான நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சபைகளைக் கட்டியவர் யார் என்பது அங்கிருந்த மக்களுக்குத் தெரிந்திருந்தது.

பஞ்சமும் பழியும்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது இங்கிலாந்து, அமெரிக்கச் சபைகளிலிருந்து நிவாரணப் பணம் வந்தது. மிஷனெரிகள் கஞ்சித்தொட்டிகளும் அனாதை விடுதிகளும் நடத்தினர். அதே காலத்தில் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காக மாறியவர்கள் என்ற பழி அப்போது எழுந்தது, இன்றும் சொல்லப்படுகிறது. பஞ்சம் தீர்ந்ததும் சிலர் விலகியது உண்மை. பெரும்பகுதியினர் தங்கியதும் உண்மை. அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். பசியால் வாடியபோது எந்த வாசல் திறந்திருந்தது, எது அடைத்திருந்தது என்பதைப் பார்த்து அவர்கள் எடுத்த முடிவைச் சோற்றுக் கணக்காக மட்டும் சுருக்குவது பொருந்தாது. மறுபுறம், பட்டினி கிடப்பவனிடம் உணவோடு போதனையையும் கொண்டு செல்லும்போது அவன் எந்த அளவு சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கிறான் என்ற கேள்வியைப் பல மிஷனெரிகள் எழுப்பிக்கொள்ளவில்லை.

பெண்களின் நிதி

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெண்கள் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்தனர். அமெரிக்காவில் 1861-இல் தொடங்கிய பெண்கள் ஐக்கிய மிஷன் சங்கம் முன்னோடி. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த காசைத் தாங்களே திரட்டி, தாங்களே பெண் மருத்துவர்களையும் ஆசிரியைகளையும் அனுப்பினர்.

இதன் விளைவைத் தமிழர் நன்கறிவர். ஐடா ஸ்கடர் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றதும், வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1920-களின் தொடக்கத்தில், வேலூரும் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் உட்பட ஆசியாவின் ஏழு பெண் கல்வி நிறுவனங்களுக்காக லூசி பீபாடி தலைமையில் அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டினர். அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் தருவதாக ராக்பெல்லர் நிதியம் வாக்களித்தது, சேர்த்தே விட்டார்கள்.

வாங்கியவர் கொடுப்பவரானது

வெளிநாட்டுக் காசு நிரந்தரமாக வருவது நல்லதல்ல என்று முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர், காசு அனுப்பும் சங்கத்தின் செயலரே. 1841 முதல் சர்ச் மிஷன் சங்கத்தை நடத்திய ஹென்றி வென், ஒவ்வொரு நாட்டுச் சபையும் தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்றார். அந்நிலை வந்ததும் மிஷன் விலகிவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கைப்படி 1860-களின் இறுதியில் திருநெல்வேலியில் உள்ளூர்ச் சபை மன்றங்கள் தொடங்கப்பட்டன. எனினும் கணக்குப் புத்தகத்தை முழுமையாகக் கைமாற்ற வெள்ளையர் பலருக்கு மனம் வர நெடுநாள் ஆயிற்று.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. அமெரிக்கக் காசில் படித்த யாழ்ப்பாணக் கிறித்தவர்களின் அடுத்த தலைமுறை, தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு இக்கரையில் இராமநாதபுரச் சீமையின் தொண்டியில் ஊழியம் நடத்தியது. 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு, இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபை ஒருவரையும் வெளியே அனுப்பவில்லையே என்று வெட்கினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிசாம் சீமையின் தோர்ணக்கல் அதன் களம். அங்கு பேசப்பட்டது தெலுங்கு. பனையேறிகளும் உழவர்களும் நிறைந்த சபையின் காணிக்கை வேறு மொழி பேசும் ஏழைகளுக்குப் போயிற்று. 1905 டிசம்பர் 25 அன்று தேசிய மிஷனெரி சங்கம் செராம்பூரில், கேரியின் நூலகத்தில் தொடங்கப்பட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் விதி. இலண்டனோடு எழுபது ஆண்டுக்கு முன் சொத்துச் சண்டை நடந்த அதே வளாகம் அது.

1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசிய அசரியா, மிஷனெரிகளின் கொடையையும் தியாகத்தையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர்கள் இந்தியரைச் சமமான நண்பர்களாக நடத்துவதில்லை என்றும் அதே மேடையில் சொன்னார். கேட்டவர்களில் சிலருக்குக் கோபம் வந்தது. 1912-இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். அவர்களும் கொடுக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்; கிறித்தவக் கொடை பற்றித் தனி நூலே எழுதினார். எப்போதும் வாங்கும் இடத்திலேயே ஒருவரை நிறுத்தி வைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவது என்பது அவர் எண்ணம்.

காசில்லாத இடத்தில் அரிசி போதும் என்று காட்டியது மிசோரம். 1910-ஐ ஒட்டி அங்கு ஒரு வழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பார்கள். வார இறுதியில் அது திரட்டி விற்கப்படும். மிசோ சபைகள் இன்று தம் மாநிலத்துக்கு வெளியேயும் அயல்நாடுகளிலும் நடத்தும் பணிக்கு அந்தப் பிடியரிசி இன்னமும் ஒரு வருவாய்.